கொல்லைப்புறத்துக்கு வரும் பறவைகள்: வட அமெரிக்காவில் வசிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்டாரியோவிலிருந்து நியூ ஜெர்சி, ஒஹாயோ, வட கரோலினா வரை பரந்துள்ள கிழக்கு வட அமெரிக்காவில், சிறு தோட்டத்தோடு கூடிய வீடு உங்களுக்கு இருந்தால், ஓராண்டுக்குள் பதினைந்து வகைப் பறவைகளையாவது வேலியைத் தாண்டாமலேயே பார்த்துவிட முடியும். ஆனால், பார்க்கத் தொடங்கும் பலர் தடித்த பறவைக் கையேடு ஒன்றை வாங்கி, அதிலுள்ள நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டி மலைத்துப்போய், ஒரு மாதத்துக்குள் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நிறத்தையும் அளவையும் மனப்பாடம் செய்ய முயல்வதால் வரும் சிக்கல் இது. ஒவ்வொரு பறவையும் செய்யும் ஏதேனும் ஒரு வினோதமான காரியத்தை முதலில் தெரிந்துகொண்டு, அதைக் கண்ணால் காண்பதற்காகக் காத்திருந்தால், பெயரும் நிறமும் தாமாகவே மனத்தில் தங்கிவிடும். இந்த வழிகாட்டி அந்த முறையில்தான் அமைந்துள்ளது. ஒரு படியில் சொல்லப்பட்ட பறவையை நேரில் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவது நல்லது.

படி 1: ஜன்னலைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் அன்றாடம் அதிக நேரம் நிற்கும் ஜன்னலே சிறந்தது. பெரும்பாலான வீடுகளில் அது சமையலறை ஜன்னலாக இருக்கும். விடிந்த முதல் இரண்டு மணி நேரத்திலும், பொழுது சாயும் நேரத்திலும் பறவைகள் அதிகம் வரும். பைனாகுலர் வாங்க விரும்பினால் 8x42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால், கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் பறவை கண்ணில் நிற்காது.

படி 2: தீனி வைத்தல்

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கலப்புத் தீனிப் பைகளை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பகுதி சிவப்புச் சோளமே. கிழக்குப் பகுதிப் பறவைகள் அதைக் கொத்திக் கீழே தள்ளிவிட, அது தரையில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். ஒரே ஒரு தீனிதான் வைக்க முடியும் என்றால், கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி விதையை வையுங்கள். அதன் தோல் மெல்லியது, பருப்பில் கொழுப்பு அதிகம். சிறிய அலகுள்ள பறவையாலும் அதை உடைத்துவிட முடியும். கார்டினல் பறவைக்குக் குசும்பா விதையும், மரங்கொத்திகளுக்குக் கம்பிக்கூட்டில் வைத்த மாட்டுக் கொழுப்புக் கட்டியும் பிடிக்கும்.

கோல்டுஃபிஞ்ச் என்னும் மஞ்சள் குருவிக்காக 'நைஜர்' என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய கறுப்பு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால், தமிழ்நாட்டு மலைப்பகுதிகளைத் தெரிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அது நம் பேயெள்ளுதான். எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதியாகும் இந்த விதையை, களைச்செடிகள் முளைத்துவிடாதபடி வெப்பமூட்டிய பிறகே அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கிறார்கள்.

ரொட்டித் துண்டும் மீந்த சோறும் வேண்டாம். அவற்றால் வயிறு நிறையுமே தவிர, பனிக்காலத்தில் உயிரைக் காக்கும் கொழுப்பு கிடைக்காது. ஆழமற்ற தட்டில் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாமல் தண்ணீர் வைத்தால், தீனிக்கு வராத பறவைகளும் வரும்.

படி 3: சிக்கடீயிலிருந்து தொடங்குதல்

தீனி வைத்த சில நாட்களில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கருந்தலைச் சிக்கடீயாகவே இருக்கும். தலையில் கறுப்புத் தொப்பி, தொண்டையில் கறுப்புத் திட்டு, கன்னத்தில் வெள்ளை, பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. (ஒஹாயோவின் தென்பகுதிக்கும் அதற்குத் தெற்கேயும் இருப்பவர்கள் பார்ப்பது கரோலினா சிக்கடீ என்னும் நெருங்கிய உறவுப் பறவை, பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே.) அது ஃபீடரில் (தீனி வைக்கும் கலனில்) உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளைக்குப் பறக்கும். விதையைக் கிளையோடு சேர்த்து இரண்டு கால்களாலும் அழுத்திப் பிடித்து, உச்சந்தலையிலிருந்து உடல் முழுவதையும் வீசி அலகால் கொத்தும். தோல் பிளந்து கீழே விழும். பருப்பைத் துண்டு துண்டாகத் தின்றுவிட்டு, அடுத்த விதைக்காகத் திரும்பி வரும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் அந்த 'டக் டக்' ஒலியைக் காதாலேயே கேட்கலாம்.

எல்லா விதையையும் அது தின்பதில்லை. இலையுதிர் காலத்தில் பலவற்றை மரப்பட்டை இடுக்கிலும் பாசிக்கடியிலும் ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கிறது. ஓர் இடத்தில் ஒரே விதை என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவிட்டு, பல நாட்கள் கழித்தும் தேடி வந்து எடுக்கிறது. இடநினைவைத் தாங்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ், இந்த ஒளித்துவைக்கும் பருவத்தில் சிக்கடீகளுக்குப் பெரிதாவதைச் சில ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அதன் குரலையும் எண்ணிப் பாருங்கள். 'சிக்-அ-டீ-டீ-டீ' என்று தன் பெயரையே சொல்லும் அந்தக் கூவல், ஆபத்தை அறிவிக்கும் குரலும்கூட. எத்தனை 'டீ' சேர்கிறதோ, ஆபத்து அத்தனை கடுமை. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மெதுவாகத் திரும்பும் பெரிய ஆந்தையைக் கண்டபோது குறைவான 'டீ'யும், சிக்கடீயைத் துரத்திப் பிடிக்கவல்ல குட்டி ஆந்தையைக் கண்டபோது மிக அதிகமான 'டீ'யும் பதிவாயின. எதிரி எவ்வளவு பெரியது என்பதைவிட, தனக்கு எவ்வளவு கேடானது என்பதையே அது அளக்கிறது. மற்ற சிறு பறவைகளும் இந்தக் குரலைப் புரிந்துகொண்டு நடந்துகொள்கின்றன. எனவே, தோட்டத்தில் திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கி, ஒரு சிக்கடீ மட்டும் நீட்டி நீட்டிக் கத்தினால், அருகில் எங்கேயோ கூப்பர் வல்லூறு உட்கார்ந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பனிக்கால இரவுகளில் இந்தச் சிறு உடல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. பகலில் ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸாக இருக்கும் உடல் வெப்பத்தை, இரவில் பத்து டிகிரி வரை தானே குறைத்துக்கொண்டு, சேர்த்து வைத்த கொழுப்பை மிச்சப்படுத்துகிறது. அந்தக் கொழுப்பு விடியும்வரைதான் வரும் என்பதால், கடும் பனிக்கு மறுநாள் காலையில் உங்கள் ஃபீடர் காலியாக இருக்கக் கூடாது.

படி 4: கார்டினலின் இணையைப் பார்த்தல்

சிவப்பு நிறக் கார்டினலை எவரும் தவறவிட மாட்டார்கள். இல்லினாய், இண்டியானா, கென்டக்கி, ஒஹாயோ, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய ஏழு மாநிலங்கள் இதைத் தம் மாநிலப் பறவையாக வைத்துள்ளன. வேறு எந்தப் பறவைக்கும் இத்தனை மாநிலங்கள் கிடைக்கவில்லை. சிவப்பாக இருப்பது ஆண். பெண் பறவை வெளிர் பழுப்பு நிறத்தில், கொண்டையிலும் சிறகிலும் மட்டும் சிவப்புச் சாயலோடு இருக்கும். ஆணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். வட அமெரிக்கப் பாட்டுப் பறவைகளில் பெண் பாடுவது அரிது; கார்டினலிலோ பெண்ணும் முழுப் பாட்டுப் பாடும், அதுவும் பல நேரங்களில் கூட்டில் அமர்ந்தபடியே. வசந்த காலத்தின் தொடக்கத்தில் ஆண் ஒரு விதையை உடைத்துத் தன் அலகால் பெண்ணின் அலகில் வைப்பதைக் காணலாம்.

ஆண் பறவை உங்கள் ஜன்னலையோ கார் கண்ணாடியையோ நாள் கணக்கில் மோதிக்கொண்டிருந்தால், அது தன் பிம்பத்தைத் தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டையிடுகிறது. அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கத்தில் சில வாரங்கள் மூடிவைத்தால் போதும்.

படி 5: புளூ ஜேயின் நீலத்தைச் சோதித்தல்

புளூ ஜே காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் அட்டகாசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே உறவு புரிந்துவிடும். அதன் சிறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறகிழையின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால்தான் நீலம் தோன்றுகிறது. தரையில் கிடக்கும் இறகை எடுக்காமல் குனிந்து, முன்னால் ஒளி படும்போது ஒருமுறையும், பின்னாலிருந்து ஒளி வரும்போது ஒருமுறையும் பாருங்கள். பின்னொளியில் நீலம் போய்ப் பழுப்பு மட்டுமே எஞ்சும். எடுக்காமல் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டப்படி, அமெரிக்காவில் பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளின் இறகையோ, முட்டையையோ, கூட்டையோ வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

இலையுதிர் காலத்தில் இதன் தொண்டையைக் கவனியுங்கள். ஓக் மரக் கொட்டைகளைத் தொண்டைப் பையில் இரண்டு மூன்று, வாயில் ஒன்று, அலகு நுனியில் ஒன்று என அடைத்துக்கொண்டு பறந்துபோய் மண்ணில் புதைக்கும். எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. கடைசிப் பனியூழிக்குப் பிறகு ஓக் காடுகள் வடக்கு நோக்கி அத்தனை வேகமாகப் பரவியதில் இந்தப் பறவைக்குப் பங்குண்டு என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். செந்தோள் பருந்தின் குரலை அப்படியே எழுப்பும் திறமையும் இதற்கு உண்டு.

படி 6: அடிமரத்தைப் பார்த்தல்

இனிக் கிளைகளை விட்டுவிட்டு அடிமரத்தைப் பாருங்கள். மேல்நோக்கி ஏறுவது டௌனி மரங்கொத்தி, தலைகீழாக இறங்குவது வெண்மார்பு நட்ஹாட்ச். டௌனி, வட அமெரிக்க மரங்கொத்திகளிலேயே மிகச் சிறியது. ஆணுக்குப் பிடரியில் சிவப்புப் புள்ளி இருக்கும். இதே உருவில் சற்றுப் பெரிதாக ஹேரி மரங்கொத்தி என்று ஒன்று உள்ளதால் குழப்பம் வரும். அலகைப் பாருங்கள்: டௌனியின் அலகு தலையின் நீளத்தில் பாதிதான், ஹேரியின் அலகோ ஏறத்தாழத் தலையளவு நீளம். மரங்கொத்தி வேகமாகத் தட்டுவது எப்போதும் இரைக்காக அன்று. மற்ற பறவைகள் பாடுவதைப் போல அது தட்டுவதன் மூலம் எல்லையை அறிவிக்கிறது. நட்ஹாட்ச், விதையை மரப்பட்டை இடுக்கில் செருகி அலகால் உடைப்பதால்தான், கொட்டை உடைப்பதைக் குறிக்கும் அந்தப் பெயரைப் பெற்றது.

படி 7: தரையைப் பார்த்தல்

புல்வெளியில் சில அடி ஓடி, சட்டென நின்று, தலையைச் சாய்க்கும் செம்மார்புப் பறவை அமெரிக்க ராபின். ஐரோப்பியக் குடியேறிகள் தம் ஊர் ராபினின் நினைவில் வைத்த பெயர் இது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மண்ணை ஒரு கண்ணால் உற்றுப் பார்க்கவே தலையைச் சாய்க்கிறது. மண்ணுக்குள் புழு அசையும் ஒலியையும் அது பயன்படுத்துகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. வசந்தத்தில் முதல் ராபினைப் பார்த்ததும் அது தெற்கிலிருந்து திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்வது இங்குள்ள வழக்கம். உண்மையில் பல ராபின்கள் குளிர்காலத்திலும் அதே வட்டாரத்திலேயே தங்கி, மண் உறைந்துவிட்டதால் காட்டுப் பழங்களைத் தேடித் தோப்புகளுக்குள் போய்விடுகின்றன.

சாம்பல் மேனியும் வெள்ளை வயிறுமாகப் பனிக்காலத்தில் மட்டும் கூட்டமாக வந்து ஃபீடருக்குக் கீழே பொறுக்குவது ஜன்கோ. பறக்கும்போது வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை பளிச்சிடும். மோர்னிங் டவ் என்னும் புறா எழும்பும்போது சிறகுகளே சீழ்க்கையடிக்கும். மற்ற பறவைகள் ஒரு வாய் தண்ணீரை எடுத்துத் தலையை உயர்த்தி விழுங்க, புறாவோ அலகைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் உறிஞ்சும். குஞ்சுகளுக்குத் தாய் தந்தை இரண்டுமே தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன.

படி 8: குருவிகளைப் பிரித்தறிதல்

கோல்டுஃபிஞ்ச் ஆண்டுக்கு இருமுறை உடல் இறகுகளை உதிர்ப்பதால், கோடையில் பளீரென்ற மஞ்சளாகவும் குளிர்காலத்தில் மங்கிய ஆலிவ் பழுப்பாகவும் தெரியும். குளிர்காலத்தில் வேறு பறவை வந்திருப்பதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். மற்ற பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கும் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும்தான் இது கூடு கட்டத் தொடங்குகிறது. முட்செடிகளின் பஞ்சும் விதையும் அப்போதுதான் கிடைக்கும். குஞ்சுக்கும் விதையையே ஊட்டுவதால், இதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் கௌபேர்டின் குஞ்சு, பூச்சி உணவு கிடைக்காமல் சில நாட்களிலேயே இறந்துவிடுகிறது.

தலையும் மார்பும் சிவந்த ஹவுஸ் ஃபிஞ்ச், மேற்குப் பகுதிப் பறவை. அதைக் கூண்டுப் பறவையாகச் சட்டவிரோதமாக விற்றுவந்த வணிகர்கள், பிடிபடுவோம் என்று அஞ்சி 1940-இல் நியூயார்க்கின் லாங் தீவில் திறந்துவிட்டார்கள். இன்று கிழக்கெங்கும் பரவியிருப்பது அந்த வழித்தோன்றல்தான்.

கூரையிடுக்கில் கத்தும் சிட்டுக்குருவியைப் பார்த்ததும் ஊர் நினைவு வருவது இயல்பே, ஏனெனில் அது நம் வீட்டுச் சிட்டுக்குருவியேதான். 1851-இல் புரூக்ளினுக்கு எட்டு இணைகளாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் கண்டம் முழுவதும் பரவியது. ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1890-இல் யூஜீன் ஷீஃபெலின் என்பவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அறுபது பறவைகளை விட்டார். இவ்விரண்டும் மரப்பொந்துகளையும் மனிதர் வைக்கும் கூட்டுப்பெட்டிகளையும் கைப்பற்றிக்கொள்வதால், நீலமேனி கொண்ட புளூபேர்டு பல இடங்களில் கூடுகட்ட இடமின்றித் தவிக்கிறது. சிக்கடீக்குப் பெட்டி வைப்பவர்கள் துளையின் விட்டத்தை 2.9 சென்டிமீட்டருக்கு மேல் போகவிடாதீர்கள். அந்தத் துளையில் சிட்டுக்குருவி நுழைய முடியாது.

படி 9: ரீங்காரச் சிட்டுக்காகக் காத்திருத்தல்

ஒன்டாரியோவில் மே மாதத் தொடக்கத்திலும், தெற்கு மாநிலங்களில் அதற்குப் பல வாரங்கள் முன்பாகவும் செந்தொண்டை ரீங்காரச் சிட்டு வந்து சேரும். கிழக்கு வட அமெரிக்காவில் கூடுகட்டும் ரீங்காரச் சிட்டு இது ஒன்றுதான். இதைத் தேன்சிட்டு என்று அழைக்கும் வழக்கம் நம்மவரிடையே உள்ளது, அது சரியன்று. தேன்சிட்டு பெரும்பாலும் கொம்பில் அமர்ந்து தேனுறிஞ்சும். இது விநாடிக்கு ஐம்பது முறைக்கு மேல் சிறகடித்து அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றின் நெருங்கிய உறவு தேன்சிட்டன்று, உழவாரன்.

இதன் எடை ஏறத்தாழ 3 கிராம், அதாவது 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தைவிடச் சற்றே அதிகம். இந்த உடலோடு, பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் மேல் ஏறத்தாழ 800 கிலோமீட்டரை நிற்காமல் கடக்கின்றன. கூட்டைச் சிலந்தி வலை நூலால் பிணைத்துக் கட்டுவதால், குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கிறது.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரையை நான்கு பங்கு தண்ணீரில் கரைத்து வையுங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். நமக்கு நல்லவையான வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அவற்றிலுள்ள இரும்புச்சத்தால் இந்தப் பறவைக்குத் தீங்காகலாம், தேனில் எளிதில் பூஞ்சை வளரும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, ஃபீடரின் சிவப்பு மூடியே போதும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றிக் கழுவுங்கள். செப்டம்பரில் ஃபீடரை எடுக்காவிட்டால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்ற அச்சம் வேண்டாம். பகல் பொழுது குறைவதே அதற்குப் புறப்படும் நேரத்தை உணர்த்துகிறது.

படி 10: தீங்கு வராமல் காத்தல்

அழைத்துவிட்டு ஆபத்தில் தள்ளுவது முறையன்று என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். 2019-இல் வெளியான ஆய்வொன்று, 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அன்றிருந்தவற்றில் நூற்றுக்கு 29 இன்று இல்லை. ஜன்கோ போன்ற மிகச் சாதாரணமான பறவைகளும் அந்த இழப்பில் அடங்கும்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரையான பறவைகள் கட்டடக் கண்ணாடிகளில் மோதி இறப்பதாக 2014-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. பருந்து உருவ ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இட வேண்டும். ஃபீடரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். ஒரு மீட்டருக்குள் இருந்தால், கிளம்பும் பறவை மோதினாலும் சாகும் அளவுக்கு வேகம் எடுத்திருக்காது. வீட்டுப் பூனையை வெளியே விடாதீர்கள். பூனைகளால் இறக்கும் பறவைகளின் எண்ணிக்கை கண்ணாடியால் இறப்பவற்றைவிட அதிகம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஃபீடரைக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மீண்டும் நிரப்புங்கள். கண் வீங்கிய ஹவுஸ் ஃபிஞ்சையோ, இறகை உப்பிக்கொண்டு பறக்காமல் உட்கார்ந்திருக்கும் குருவியையோ பார்த்தால், சில வாரங்களுக்குத் தீனி வைப்பதை நிறுத்திவிடுங்கள். 1994 முதல் பரவிய கண்நோய் ஃபிஞ்சுகளை ஏராளமாகக் கொன்றது. ஃபீடரில் கூடும் கூட்டம் அந்த நோய் தொற்ற ஏற்ற இடம்.

கோடையில் குட்டை வாலோடு தரையில் தத்தும் குஞ்சைக் கண்டால் தூக்கி உள்ளே கொண்டுபோகாதீர்கள். ராபின் குஞ்சுகள் பதின்மூன்று நாளிலேயே, சரியாகப் பறக்கும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். பெற்றோர் அருகிலிருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும். இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், அதைக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

படி 11: மரம் நடுதல்

ஃபீடர் வளர்ந்த பறவைக்கு உதவும்; குஞ்சுக்கு வேண்டியது புழு. ஒரு சிக்கடீ இணை தன் ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்களைப் பிடித்தாக வேண்டும் என்று டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக் டாலமி விளக்கியிருக்கிறார். அந்தப் புழுக்கள் இந்த மண்ணுக்குரிய மரங்களில்தான் வளரும். அவற்றில் ஓக் முதலிடம் வகிக்கிறது. இடம் இல்லாதவர்கள் சர்வீஸ்பெரி, டாக்வுட் போன்ற சிறு மரங்களையோ, கோன்ஃபிளவர் செடியையோ நடலாம். பூ வாடியதும் தண்டை வெட்டாமல் விட்டால், கோல்டுஃபிஞ்ச் அதன்மேல் தொங்கியபடி விதை தின்பதைச் செப்டம்பரில் பார்ப்பீர்கள்.

படி 12: எண்ணிப் பதிவு செய்தல்

ஒரு நோட்டில் தேதி, நேரம், பறவை, அது செய்த காரியம் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். குரலை அடையாளம் காண, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியைக் கைப்பேசியில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அது சொல்லும் பெயரைக் கண்ணால் உறுதிசெய்த பிறகே எழுதுங்கள். இந்த ஆய்வகமும் ஆடுபான் என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 1998 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. பதினைந்து நிமிடம் ஒதுக்கினாலே எவரும் பங்கேற்கலாம்.

அப்போது ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். சிக்கடீ ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக வந்து போவதால், ஒரே பறவையை இருபது முறை எண்ணிவிடுவோம். எத்தனை முறை வந்தது என்று எண்ணாமல், ஒரே நேரத்தில் கண்ணுக்கு எத்தனை தெரிந்தன என்று பார்த்து, அவற்றுள் மிக அதிகமான எண்ணை மட்டும் எழுதுங்கள். பதினைந்து நிமிடத்தில் நாற்பது முறை சிறகடித்து வந்தது, பெரும்பாலும் மூன்றே மூன்று சிக்கடீயாக இருக்கும்.